சன்ஷேடு பாசியில் குடியிருந்த பெண்கள்

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னது இதுதான்: "பொண்ணு ராஜபாளையத்துல காலேஜ் டீச்சர். பூச்சி படிச்சிருக்கு." நான் படித்தது பூச்சி இல்லை. ரோட்டிஃபர் என்கிற நீர்வாழ் பிராணி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், தலையில் இரண்டு சக்கரம் சுழல ஒரு கண்ணாடிப் புழு நிற்கும். சக்கரம் என்று ஒன்றும் கிடையாது. வட்டமாக வளர்ந்த மெல்லிய இழைகள் வரிசையாக அடித்துக்கொள்வது சுழல்வதுபோலத் தெரிகிறது. அந்தச் சுழிப்பில் வந்து விழுவதுதான் அதற்குச் சாப்பாடு. உள்ளே தாடை மெல்வதுகூட வெளியிலிருந்து தெரியும். மொத்த உடம்பும் ஆயிரம் செல் இருந்தால் அதிகம். அதற்குள் மூளை, வயிறு, சினைப்பை, ஒட்டிக்கொள்ளப் பசை சுரக்கும் கால்விரல் என்று எல்லாமே இருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று இதை விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். வயிறு வரைக்கும் வந்திருப்பேன். என் வருங்கால மாமியார், "சமையல் தெரியும்லா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ரோட்டிஃபர் பேச்சு அத்தோடு முடிந்தது. அதன் பிறகு பல வருடங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போவேன், பாடம் நடத்துவேன், சாயங்காலம் வந்து தோசைக்கு மாவு கரைப்பேன். என் பிராணிகள் கல்லூரியிலும் நான் வீட்டிலுமாக அவரவர் இடத்தில் இருந்தோம்.

ஒரு கோடை விடுமுறையில் கல்லூரி லேபில் தரையைப் பெயர்த்துப் போட்டார்கள். வேலை நடக்கிற இடத்தில் மைக்ரோஸ்கோப்புகளை வைக்க முடியாது என்று துறைத்தலைவர் ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். எனக்கு வந்தது பழசு, நல்ல கனம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாடியறை ஜன்னலோரம் மேஜை போட்டு வைத்ததும், அத்தை, அதாவது என் மாமியார், கீழிருந்து ஒரு துவைத்த துண்டை எடுத்து வந்து அதன்மேல் போர்த்திவிட்டார்.

"தூசி படும்" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் எடுப்பேன், நான் இந்தப் பக்கம் வந்ததும் அவர் போர்த்துவார்.

மாமா, அதாவது என் மாமனார், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் வசம் இருந்த இலாகா ஒன்றே ஒன்று, மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதில் அவரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. அவரே இறங்கிக் கழுவுவார், அவரே மூடுவார், மூடியின்மேல் அவரே ஒரு கல்லை வைப்பார். எங்கள் தெருவிலேயே சுத்தமான தண்ணீர் எங்கள் வீட்டில்தான் என்று அவருக்கு ஒரு பெருமை. பக்கத்து வீட்டில் இருந்தவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் ஏட்டையா. அவர் வீட்டுத் தொட்டிக்கு மூடியே கிடையாது. அதைப் பற்றி மாமா அவரிடம் வாரம் தவறாமல் பேசுவார்.

எங்கள் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் கீழே சன்ஷேடில் சொட்டிச் சொட்டி, அங்கே மெத்தை மாதிரி பாசி பிடித்திருந்தது. பாசி என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு காலையில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு கிள்ளு எடுத்து, தண்ணீரில் பிழிந்து, கண்ணாடித் துண்டில் வைத்தேன். திரும்பினால் மாமா நிற்கிறார்.

"என்னம்மா அது?"

"பாசி மாமா. உள்ளே ரோட்டிஃபர் இருக்கான்னு பாக்கேன்."

"எங்க, நகரு."

முதலில் அவருக்குத் தெரிந்தது அவருடைய இமை. "கறுப்பா கம்பி கம்பியா இருக்கு" என்றார். கண்ணைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னேன். பிறகு வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"ரெண்டு ஃபேன் ஓடுது" என்றார்.

"அதான் மாமா ரோட்டிஃபர்."

"வாயத் தொறந்து எதையோ அள்ளிப் போடுது."

"ஆமா மாமா. நல்லா சாப்பிடும்."

"இது நம்ம தொட்டித் தண்ணியா?"

"தொட்டிக்குள்ள இல்ல மாமா, வெளிய வழியுற பாசிலதான். இது ஒண்ணும் செய்யாது, நல்ல பிராணி" என்றேன். நான் "தொட்டி" என்று சொன்ன இடத்திலேயே அவர் மொட்டை மாடிக்குப் படியேறப் போய்விட்டார்.

அன்று முழுக்க வீட்டில் தண்ணீர் இல்லை. மாமா தொட்டியைக் காலி செய்தார். பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து உள்ளே இறங்கித் தேய்த்தார். மதியம் பாத்திரம் கழுவ, துணி அலச, குளிக்க, எல்லாவற்றுக்கும் அத்தையும் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏட்டையா வீட்டுக்குப் போனோம். விஷயம் அதற்குள் காதுக்கு எட்டியிருந்த ஏட்டையா வாசலில் நின்று வரவேற்றார்.

"வாங்க, வாங்க. எம்புட்டு வேணும்னாலும் பிடிச்சிக்கோங்க. நம்ம தொட்டிக்கு மூடிதான் கெடையாது, புழு ஒண்ணும் கெடையாது" என்றார்.

இது எங்கள் மொட்டை மாடியில் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்த மாமாவுக்குக் கேட்டது. தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்று, பிறகு இரண்டு மடங்காகக் கேட்டது.

தொட்டி முடிந்ததும் அவர் சன்ஷேடுக்கு வந்தார். கொத்தனார் கரண்டியால் பாசியை மொத்தமாகச் சுரண்டி எடுத்துச் செய்தித்தாளில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் வைத்தார். சித்திரை மாசத்து வெயில். மாலைக்குள் அது மூக்குப்பொடி மாதிரி ஆகிவிட்டது.

"முடிஞ்சது கதை" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வகுப்பெடுத்துப் பழகிய வாய்.

"அது சாகாது மாமா. தண்ணி வத்துனா தலையையும் காலையும் உள்ள இழுத்துக்கிட்டு உருண்டையாயிரும். மூச்சு இருக்காது, அசைவு இருக்காது. பொறவு எப்போ தண்ணி படுதோ அப்போ எந்திரிக்கும். வருசக் கணக்குல அப்பிடியே கெடக்கும்."

மாமா என்னைப் பார்த்தார். "செத்த மாதிரி கெடக்குமா?"

"ஆமா."

"ஆனா சாகல?"

"சாகல."

அவர் அந்தப் பொடியைக் கொட்டவில்லை. செய்தித்தாளோடு ஒரு பொட்டலமாக மடித்தார். தன்னுடைய ராணுவத்து இரும்புப் பெட்டியைத் திறந்து, கம்பளிக்கும் மெடல் டப்பாவுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அவர் சுபாவம் மாறிப்போயிற்று. காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர், நான் காபி கொண்டுபோனால் திடீரென்று, "அப்போ சாப்பாடு?" என்பார். வறண்டு கிடக்கும்போது சாப்பாடு தேவையில்லை என்று சொல்வேன். தலையாட்டுவார். இரண்டு நாள் கழித்து, "குளிரு?" என்பார். குளிரும் தாங்கும் என்பேன். பனிக்கட்டிக்குள் காலங்காலமாகக் கிடந்தவைகூட எழுந்திருக்கின்றன என்றேன். அவர் பனிமலையில் காவல் இருந்தவர். அந்தப் பதிலுக்குக் காபி ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அத்தைக்கு வேறு ஒரு விஷயம் பிடித்துப்போனது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒரு நாள், "ஏட்டி, அதுல ஆம்பளை எது, பொம்பளை எது, எப்பிடிக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டார்.

"பாசில இருக்கற வகைல ஆம்பளையே கெடையாது அத்தை. எல்லாம் பொம்பளைதான். தானா முட்டை வைக்கும், அதுலயும் பொம்பளைதான் வரும். இதுவரைக்கும் யாரும் ஆம்பளையப் பாத்ததில்ல."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "ஒருத்தன்கூட இல்லியா?"

"இல்ல."

"அப்போ சட்டையத் தேய்ச்சாச்சா, சாப்பாடு ஆச்சான்னு கேக்க ஆளே கெடையாது."

"கெடையாது அத்தை."

"எம்புட்டு காலமா இப்பிடி?"

"கோடிக்கணக்கான வருசமா."

அத்தை மறுபடியும் கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். "அதான் வறண்டு கெடந்தாலும் சாகல" என்றார். அதற்குப் பிறகு மைக்ரோஸ்கோப்புக்குப் போர்த்துகிற துண்டை வாரம் ஒரு முறை மாற்றினார். கல்லூரி திறந்தும் லேபில் தரை வேலை முடியாததால் மைக்ரோஸ்கோப் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

ஏட்டையாவிடம் மாமா எப்போது சொன்னார் என்று தெரியாது. ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் வாசலில் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பட்டாளத்தாரே, நான் முப்பது வருசம் எம்புட்டோ பொணம் பாத்திருக்கேன். காஞ்சது காஞ்சதுதான். தண்ணி தெளிச்சா எந்திரிக்கறதுக்கு அது என்ன குடிகாரனா?"

"நாளைக்கு வாரும். கண்ணால பாரும்."

"வாரேன். சாட்சிக்கு நாலு பேரு இருக்கட்டும்."

சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தேர் பார்க்கத் தேவதானத்திலிருந்தும் மகாராஜபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்திருந்தது. காலையில் தேர் இழுத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து, எல்லோரும் பருப்பும் பாயசமுமாக வயிறு முட்டச் சாப்பிட்டு முடித்த நேரம். என் கணவர் மைக்ரோஸ்கோப்பின் கண்பக்கத்தில் செல்போனை மாட்டி, அதை டிவியோடு இணைத்தார். அவருக்கு வயர் மாட்டுகிற எந்த வேலையும் சந்தோஷம்தான். மாமா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார்.

ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடியில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். டிவியில் பெரிதாகச் சேறு தெரிந்தது.

எல்லோரும் சேற்றைப் பார்த்தார்கள்.

"எப்ப ஆரம்பிக்கும்?" என்று மகாராஜபுரத்துச் சித்தி கேட்டார்.

"கொஞ்ச நேரம் ஆகும் சித்தி."

"வெளம்பரம் ஓடுது போல" என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்தப் பிராணிகள் வறண்டு பிழைக்க வேண்டுமானால் மெதுவாக வறள வேண்டும். உடம்பை ஒடுக்கித் தயாராக அவகாசம் வேண்டும். மாமா வைத்ததோ சித்திரை மாசத்து மொட்டை மாடியில். பாசி மெத்தையாக இருந்ததால் அடியில் கொஞ்சம் ஈரம் நின்றிருக்கும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். இதை மாமாவிடம் நான் சொல்லவே இல்லை. அவர் நாற்காலியில் கையை முழங்கால்மேல் வைத்து அணிவகுப்பில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

நேரம் போனது. சேறு சேறாகவே இருந்தது. ஏட்டையா தொண்டையைச் செருமினார்.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பிருவோமா பட்டாளத்தாரே?"

மாமா நாற்காலியை டிவிக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அத்தை என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மாடில கப்புல புதுசா பாசி ஊறப் போட்டு வச்சிருக்கல்லா, அதுல ஒரு சொட்டு எடுத்து விட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது? அதுகளுக்கு மூஞ்சி என்ன தனித்தனியாவா இருக்கு?"

"அது கூடாது அத்தை. பரிசோதனைன்னா நேர்மையா இருக்கணும்."

"அவிய முகத்தப் பாத்தியா நீ? சின்னப் பிள்ள மாதிரி உக்காந்திருக்காவ."

பார்த்தேன். பார்த்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தைக்கு என்மேல் கோபம். கூடத்துக்கு வந்தபோது பாயசம் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. சித்தி சுவரில் சாய்ந்து தூங்குகிறார். தேவதானத்துச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் தரையில் நீட்டி நிமிர்ந்துவிட்டார்கள். ஏட்டையா வாய் திறந்திருக்க, தலை பின்னால் சாய, மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாமா ஒருவர்தான்.

நான் தண்ணீர் காய்ந்துவிடாமல் இன்னொரு சொட்டு விட்டேன். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினேன். மணல் துகள்களுக்கு நடுவில், மிளகு மாதிரி ஒரு உருண்டை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒரு பக்கம் லேசாகப் புடைத்தது. பிறகு சும்மா இருந்தது. மறுபடியும் புடைத்தது. தொலைநோக்கியை இழுத்து நீட்டுவதுபோல் அதிலிருந்து ஒரு கழுத்து வெளியே வந்து, உடனே உள்ளே போய்விட்டது.

"எந்திரிக்கான்" என்றார் மாமா. குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"எந்திரிக்கா மாமா. பொம்பளை."

"ஆமா. எந்திரிக்கா."

கழுத்து மறுபடி வந்தது. இந்த முறை கால் எட்டிப் பார்த்து ஒரு மணலைப் பற்றிக்கொண்டது. அட்டை நகர்வதுபோல் தலையை ஊன்றி, காலை இழுத்து, தலையை ஊன்றி, காலை இழுத்து, அவள் டிவியின் ஓரத்துக்கு வந்து வெளியே போய்விட்டாள்.

"ஏட்டையா, எந்திரியும்" என்று மாமா அவர் தோளை உலுக்கினார்.

ஏட்டையா கண்ணைத் திறந்து டிவியைப் பார்த்தார். அங்கே சேறு மட்டும் இருந்தது. "நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். "ஒண்ணும் அசையல."

"எந்திரிச்சுப் போயிட்டா."

"எங்க போயிட்டா?"

"அந்தப் பக்கம்."

"தப்பிச்சுட்டான்னு சொல்றீரு. இது கேஸுல நிக்காது."

நான் கண்ணாடியை அவசரமாக நகர்த்தினேன். அவளைப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் வேறொரு உருண்டை நீண்டுகொண்டிருந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் உருண்டைகளில் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி பாசித் துணுக்கில் காலை ஊன்றி நின்று, ஒரு முறை உடம்பை முறுக்கிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் விரித்துச் சுற்ற ஆரம்பித்தாள். சேற்றிலிருந்த துகளெல்லாம் அவளை நோக்கி ஓடின. சத்தம் கேட்டு ஒவ்வொருவராகக் கண்விழித்தார்கள். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இத்தன மாசம் சாகாம கெடந்தாளா இவ?"

"எந்திரிச்சதும் வேலையப் பாக்க ஆரம்பிச்சுட்டா பாரு" என்றார் அத்தை. "முகங்கூடக் கழுவல."

ஏட்டையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "சரி" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லுக்காக மாமா மூன்று மாதம் காத்திருந்தார். ஆனால் அவர் ஏட்டையாவைக் கவனிக்கவே இல்லை. என்னிடம் மெதுவாக, "எந்திரிக்கும்போது பழசெல்லாம் ஞாபகம் இருக்குமா அதுக்கு?" என்று கேட்டார்.

"தெரியல மாமா. மூளை இருக்கு. ரொம்பச் சின்னது."

"இருக்கும்" என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து சன்ஷேடில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. தொட்டி முன்பைப் போலவே மாசம் தவறாமல் கழுவப்பட்டது, சன்ஷேடு மட்டும் விலக்கு. ஏட்டையா தன் வீட்டுக் கிணற்றுச் சுவர்ப் பாசியைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தார். அவர் வீட்டு ரோட்டிஃபர் எங்கள் வீட்டு ரோட்டிஃபரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. உண்மையிலேயே பெரிதுதான், நான் என்ன செய்வது? மாமா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு, வெளியூர்ப் பாசியையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் வத்திராயிருப்பு போனோம். அங்கே ஒரு சொந்தக்காரர் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு குளம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இரண்டு லிட்டர் பாட்டிலில் பச்சைத் தண்ணீரை நிரப்பினார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். கண்டக்டர் வந்து பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியவரே, உள்ள என்ன?"

"உள்ள ஆள் இருக்கு" என்றார் மாமா.

கண்டக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அவுகளுக்கும் டிக்கெட் எடுங்க. எத்தன பேரு?"

மாமா என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு இருக்கும்மா?"

"பல ஆயிரம் இருக்கும் மாமா."

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றார் கண்டக்டர்.

"அம்புட்டும் பொம்பளை" என்றார் மாமா.

"அப்ப டவுன் பஸ்ஸுல ஃப்ரீதான். ஒங்களுக்கு மட்டும் எடுங்க."

பஸ்ஸே சிரித்தது. மாமா சிரிக்காமல் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார். வீடு வருகிறவரை பாட்டில் ஆடாமல் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். குளத்து ரோட்டிஃபர்கள் வேறு வகை. ஓடு போட்டவை, முன்பக்கம் முள் வைத்தவை. பாசியில் இருப்பவற்றைப் போல அல்லாமல், இந்த வகையில் எப்போதாவது, குளம் வற்றப்போகிற மாதிரி சமயங்களில், ஆணும் பிறக்கும். எனக்கு அது தெரியும். பஸ்ஸில் ஞாபகம் வரவில்லை. ஓடு போட்ட பெண்களுக்கு நடுவில் பொடிசாக ஒன்று தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறைத்து என்ன பயன் என்று சொல்லிவிட்டேன்.

"மாமா, இதுல ஆம்பளையும் இருக்கு."

அத்தைதான் முதலில் ஓடி வந்தார். "எங்க, எங்க? எப்பிடி இருக்கான்?"

"இந்தா, ஓடறான் பாருங்க. பொம்பளையில பாதிகூட இருக்க மாட்டான். வாய் கெடையாது, வயிறு கெடையாது. ரெண்டு மூணு நாள்தான் உசுரோட இருப்பான்."

"வாயே கெடையாதா?"

"கெடையாது அத்தை."

அத்தை மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். "பொண்ணு குடுக்க நல்ல இடம்" என்றார்.

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அப்போ அந்தக் கண்டக்டர்ட்ட நான் பொய் சொல்லியிருக்கேன்" என்றார். "ஒருத்தன் டிக்கெட் இல்லாம வந்திருக்கான்."

அடுத்த முறை வத்திராயிருப்பு போனபோது அதே கண்டக்டர் இருக்கிறாரா என்று ஏறியதுமே எட்டிப் பார்த்தார். வேறு ஆள்.